அறுபதுக்குப் பின் எலும்பைக் காக்கும் உடற்பயிற்சி: நடைக்கு அப்பால் செய்ய வேண்டியவை

மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தை நாள்தோறும் மூன்று சுற்று நடந்துவந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், 67 வயதில், எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் அறிக்கையை மடியில் வைத்துக்கொண்டு என் முன் அமர்ந்திருந்தார். இடுப்பு எலும்பின் டி-ஸ்கோர் மைனஸ் 2.8 என்று அதில் இருந்தது. பத்து ஆண்டுகளாக மழை நாளில்கூட நடையை விட்டதில்லையே, பிறகு எப்படி எலும்பு வலுவிழந்தது என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி. கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு எழுந்து நிற்கும்படி கேட்டுக்கொண்டேன். உடலை முன்னும் பின்னும் இருமுறை ஆட்டிப் பார்த்தார். மூன்றாம் முறை, அவரை அறியாமலேயே வலக்கை நாற்காலியின் கைப்பிடியைப் பற்றியது. தெப்பக்குளத்தை மூன்று முறை சுற்றிவந்த அந்தக் கால்களால் அவருடைய உடல் எடையை ஒரே ஒரு முறை தூக்கி நிறுத்த முடியவில்லை.

இயன்முறை மருத்துவராக முதியவர்களின் வீடுகளுக்குச் சென்றுவரும் எனக்கு இது புதிய காட்சி அன்று. நடை இதயத்துக்கும் சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கும் மனத்துக்கும் நல்லது. அதை யாரும் விடக் கூடாது. ஆனால் எலும்புக்கு அது மட்டும் போதாது. எலும்பு வலுப்பெற வேண்டுமானால் அது வழக்கத்தைவிடக் கூடுதலான சுமையை உணர வேண்டும். எலும்பு முறியாமல் இருக்க வேண்டுமானால் உடல் தடுமாறாமல் நிற்கப் பழக வேண்டும். இவ்விரண்டையும் ஒரு நாற்காலி, ஒரு சுவர், ஒரு கட்டைப்பை ஆகியவற்றை வைத்து வீட்டிலேயே எப்படிப் படிப்படியாகச் செய்வது என்பதை இங்கே விளக்குகிறேன்.

எலும்பு சுமைக்கு ஏன் செவிசாய்க்கிறது

எலும்பு செத்த பொருள் அன்று. பழைய எலும்பைக் கரைக்கும் செல்களும் புதிய எலும்பைக் கட்டும் செல்களும் அதற்குள் வாழ்நாள் முழுவதும் வேலை செய்கின்றன. ஏறத்தாழ 30 வயதில் எலும்பு தன் உச்ச வலுவை அடைகிறது. அதன் பிறகு கரைவது சற்று மிஞ்சுகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பின் வரும் முதல் சில ஆண்டுகளில், ஈஸ்ட்ரோஜென் என்னும் ஹார்மோன் குறைவதால், இந்த இழப்பு மிக வேகமாக நடக்கிறது.

எந்த இடத்தில் எலும்பைக் கட்ட வேண்டும் என்பதை அந்தச் செல்களுக்குத் தெரிவிப்பது அந்த இடத்தின் மீது விழும் சுமை. ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892 ஆம் ஆண்டிலேயே இதை ஒரு விதியாக எழுதினார். இதற்கு மிகத் தெளிவான சான்று விண்வெளி வீரர்களிடம் கிடைக்கிறது: எடையற்ற நிலையில் அவர்களுடைய இடுப்பு, முதுகெலும்புப் பகுதிகள் மாதத்திற்கு ஏறத்தாழ 1 முதல் 1.5 சதவீதம் தாதுவை இழக்கின்றன. ஆட்டுரலில் மாவாட்டி, கிணற்றில் நீர் இறைத்து, இடுப்பில் குடம் சுமந்த தலைமுறைக்குத் தனியாக எந்தப் பளுப் பயிற்சியும் தேவைப்படவில்லை. கிரைண்டரும் குழாயும் வந்ததில் வருந்த ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சுமை உடலிலிருந்து விலகியதை ஈடுசெய்யத்தான் வேண்டும்.

எலும்பு பழகிப்போன சுமையைப் பொருட்படுத்துவதில்லை என்பதும் முக்கியம். பத்து ஆண்டுகளாக ஒரே வேகத்தில், ஒரே சமதரையில் நடப்பவரின் எலும்புக்கு அந்த நடையில் புதிய செய்தி எதுவும் இல்லை. நீச்சலும் மிதிவண்டியும் உடலுக்கு நல்லவையே. ஆயினும் உடல் எடையைத் தண்ணீரோ இருக்கையோ தாங்கிக்கொள்வதால் எலும்புக்கு அவற்றால் கிடைப்பது மிகக் குறைவு.

முதல் படி: உங்கள் எலும்பின் நிலையை அறிதல்

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நம் ஊரில் முழங்கால் வலியையும் எலும்பு அடர்த்திக் குறைவையும் சேர்த்தே ‘எலும்புத் தேய்மானம்’ என்கிறோம். முழங்காலில் தேய்வது மூட்டின் குருத்தெலும்பு, அது வலிக்கும். எலும்புப்புரை எனப்படும் ஆஸ்டியோபோரோசிஸ் எலும்பின் உள்ளமைப்பு சல்லடையாவது. அது முறியும் வரை வலிக்காது. ‘எனக்கு மூட்டுவலி இல்லை, ஆகவே எலும்பு நன்றாக இருக்கிறது’ என்று ஒருவர் நிம்மதியாக இருந்துவிடுவதற்கு இந்தக் குழப்பமே காரணம்.

எலும்பின் அடர்த்தியை அளப்பது டெக்ஸா ஸ்கேன். அந்த அடர்த்தியை ஆரோக்கியமான இளம் வயதினரின் சராசரியோடு ஒப்பிடும் எண்தான் டி-ஸ்கோர். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி டி-ஸ்கோர் மைனஸ் 1-க்கு மேல் இருந்தால் இயல்பு. மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் இடையே அடர்த்திக் குறைவு, மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே எலும்புப்புரை. 65 வயதைக் கடந்த பெண்களும், நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு முறிந்தவர்களும், நீண்டகாலம் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தவர்களும் இந்தச் சோதனை பற்றி மருத்துவரிடம் அவசியம் பேச வேண்டும்.

இளமையில் இருந்ததைவிட உயரம் 4 சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தாலோ, மேல்முதுகு புதிதாகக் கூனத் தொடங்கியிருந்தாலோ, குனிந்தபோதோ தூக்கியபோதோ முதுகில் திடீரென்று வலி வந்து நீடித்தாலோ, முதுகெலும்பு ஏற்கெனவே நசுங்கியிருக்கக்கூடும். இவர்கள் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் பளுப் பயிற்சியைத் தொடங்கக் கூடாது. நெஞ்சுவலி, அண்மையில் நடந்த அறுவை, கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் மருத்துவரின் ஒப்புதல் முதலில் வேண்டும். மருத்துவர் எலும்புக்கு மருந்து எழுதியிருந்தால், பயிற்சி செய்கிறோம் என்பதற்காக அதை நிறுத்திவிடக் கூடாது. மருந்தின் வேலை வேறு, பயிற்சியின் வேலை வேறு.

இரண்டாம் படி: வீட்டிலேயே இரண்டு சோதனைகள்

கையில்லாத, உருளாத நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போட்டு, கைகளை மார்பின் குறுக்கே கட்டி, 30 விநாடிகளில் எத்தனை முறை முழுமையாக எழுந்து அமர முடிகிறது என்று எண்ணுங்கள். 65 முதல் 69 வயதில் ஆண்கள் 12 முறைக்கும் பெண்கள் 11 முறைக்கும் குறைவாக எழுந்தால், 70 முதல் 74 வயதில் ஆண்கள் 12-க்கும் பெண்கள் 10-க்கும் குறைவாக எழுந்தால், கால் வலு சராசரிக்குக் கீழே இருக்கிறது, விழும் வாய்ப்பு கூடுதலாக இருக்கிறது என்று பொருள். கையை ஊன்றாமல் எழவே முடியாவிட்டால் எண்ணிக்கை பூஜ்யம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

அடுத்தது நிலைப்புச் சோதனை. அடுப்படி மேடையின் அருகே, தேவைப்பட்டால் உடனே பிடித்துக்கொள்ளும் தூரத்தில் நின்று, ஒரு காலின் குதிகால் மற்றொரு காலின் விரல் நுனியைத் தொடுமாறு நேர்கோட்டில் வையுங்கள். கண்களைத் திறந்தபடி 10 விநாடி அசையாமல் நிற்க முடியாவிட்டால், நிலைப்புப் பயிற்சிக்கே முதலிடம் கொடுக்க வேண்டும். இரண்டு எண்களையும் தேதியுடன் நாட்காட்டியில் எழுதிவையுங்கள். இரண்டு சோதனைகளின்போதும் வீட்டில் ஒருவர் உடன் நிற்பது நல்லது.

மூன்றாம் படி: முதுகை வளைக்காமல் இடுப்பில் மடங்குதல்

பயிற்சியைச் சேர்ப்பதற்கு முன் நிறுத்த வேண்டிய ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் முதுகெலும்பு முறிவுகளில் பல விழுவதால் அல்ல, குனிவதால் நேர்கின்றன. முதுகு முன்னே வளையும்போது முள்ளெலும்பின் முன்பகுதியில் முழு அழுத்தமும் குவிந்து, புரையோடிய எலும்பு ஆப்பு வடிவில் நசுங்குகிறது. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை 1984 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், எலும்புப்புரை உள்ள பெண்களுள் முதுகை முன்னே வளைக்கும் பயிற்சி செய்தவர்களில் 89 சதவீதத்தினருக்கும், முதுகைப் பின்னோக்கி நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதத்தினருக்கும் புதிய முதுகெலும்பு முறிவுகள் காணப்பட்டன. சிறிய ஆய்வுதான், 59 பெண்களே அதில் பங்கேற்றனர். ஆனாலும் அந்த வேறுபாடு புறக்கணிக்கக் கூடியதன்று.

ஆகவே எலும்புப்புரை உள்ளவர்கள் படுத்து எழும் வயிற்றுப் பயிற்சியையும், யோகாசனங்களில் பச்சிமோத்தாசனம், ஹலாசனம், சர்வாங்காசனம் ஆகியவற்றையும், சூரிய நமஸ்காரத்தில் குனிந்து தரையைத் தொடும் நிலையையும் விட்டுவிட வேண்டும். யோகாவையே விட வேண்டியதில்லை. தாடாசனமும், பிடிமானத்துடன் செய்யும் விருட்சாசனமும், மெதுவான புஜங்காசனமும் பெரும்பாலோருக்குப் பொருந்தும். அதேபோல, கால்களை நேராக வைத்து முதுகை வில்லாக வளைத்துக் கோலம் போடுவது, குனிந்தபடி வாளியை இழுப்பது, மெத்தை விரிப்பைச் செருகுவது ஆகியவையும் அதே ஆபத்தைக் கொண்டவை. சிறிய முக்காலியில் அமர்ந்து கோலம் போடலாம். வாளியைப் பாதியளவு நிரப்பலாம்.

குனியாமல் வாழ முடியாது என்பதால், குனியும் முறையை மாற்றிக்கொள்ள வேண்டும். தரை துடைக்கும் மாப்பின் கம்பைக் கழற்றி, முதுகோடு செங்குத்தாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பின்னந்தலை, மேல்முதுகு, இடுப்புக்குக் கீழே உள்ள வால் எலும்புப் பகுதி ஆகிய மூன்று இடங்களிலும் கம்பு தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். முழங்காலைச் சற்றே மடக்கி, பின்னால் இருக்கும் கதவைப் பிட்டத்தால் தள்ளிச் சாத்துவதுபோல் இடுப்பைப் பின்னே கொண்டுசெல்லுங்கள். மார்பு தானாக முன்னே சாயும். மூன்றில் எந்த இடத்திலாவது கம்பு விலகினால், முதுகு வளைந்துவிட்டது என்று பொருள். அத்துடன் நிறுத்தி நிமிருங்கள். ஆசிரியை அம்மாவுக்கு இது பிடிபட இரண்டு வாரம் ஆயிற்று. முதல் நாள் அரையடி சாய்வதற்குள் கம்பு தலையை விட்டு விலகியது. பழகிய பிறகு, தரையில் கிடந்த செய்தித்தாளை அவர் எடுத்த விதத்திலேயே அது தெரிந்தது.

நான்காம் படி: முதல் ஆறு வாரங்கள்

வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாட்கள், இடையில் ஒரு நாளாவது ஓய்வு விட்டு, நான்கு பயிற்சிகளைச் செய்யுங்கள். ஐந்து நிமிடம் வீட்டுக்குள் நடந்து உடலைச் சூடாக்கிக்கொண்டு, புடவையையோ வேட்டியையோ கால் தடுக்காதவாறு ஏற்றிக் கட்டிக்கொண்டு தொடங்குங்கள்.

நாற்காலியிலிருந்து எழுந்து அமர்வதுதான் இவற்றில் தலையாயது. நாற்காலியின் முன்பகுதிக்கு நகர்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றே பின்னால் வைத்து, முதுகை நேராக வைத்தபடி மார்பை முன்னே சாய்த்து எழுங்கள். எழும்போது மூச்சை வெளியே விடுங்கள். மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். அமரும்போது நான்கு எண்ணிக்கொண்டு மெதுவாக இறங்குங்கள். தொப்பென்று அமர்வது முதுகெலும்புக்கு அடி. கையை ஊன்றாமல் முடியாதவர்கள் நாற்காலியின் மேல் கெட்டியான தலையணை ஒன்றைப் போட்டு உயர்த்திக்கொண்டு தொடங்கி, சில வாரங்களில் அதை எடுத்துவிடலாம். 8 முதல் 12 முறை ஒரு சுற்று. ஒரு நிமிட இடைவெளியுடன் இரண்டு சுற்று.

இரண்டாவதாக, மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகால்களை உயர்த்தி, மேலே இரண்டு விநாடி நின்று மெதுவாக இறக்குங்கள். மூன்றாவதாக, சுவரில் இரு உள்ளங்கைகளையும் தோள் உயரத்தில் பதித்து, ஓரடி பின்னே நின்று, உடலைப் பலகைபோல் வைத்தபடி சுவரை நோக்கிச் சாய்ந்து தள்ளி எழுங்கள். விழும்போது கையை ஊன்றி முறியும் மணிக்கட்டு எலும்புக்கு இது நல்லது.

நான்காவது, முதுகுத் தசைகளுக்கானது. சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, முழங்கைகளை மடக்கிச் சுவரில் பதித்து, தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் ஒன்றையொன்று நெருங்கச் செய்து, முழங்கைகளால் சுவரைப் பின்னோக்கி அழுத்தி ஐந்து விநாடி நில்லுங்கள். தாடையை மேலே தூக்காமல் சற்றே உள்ளிழுங்கள். பார்ப்பதற்கு எதுவுமே நடக்காததுபோல் தோன்றும் இந்தப் பயிற்சியைத்தான் பலர் முதலில் விட்டுவிடுகிறார்கள். கூன் விழாமல் காப்பது இந்தத் தசைகள்தான் என்பதால் இதை விட வேண்டாம்.

ஐந்தாம் படி: சுமையைக் கூட்டுதல்

பெரும்பாலான முதியவர்களின் பயிற்சி நின்றுபோகும் இடம் இது. முதல் மாதத்தின் எளிமை பழகிவிடுகிறது. பிள்ளைகளும், ‘இந்த வயதில் எதற்கு எடை தூக்க வேண்டும்?’ என்று தடுக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற 101 பெண்களை இரு பிரிவாக்கி 8 மாதம் கண்காணித்தனர். ஒரு பிரிவினர் வாரம் இருமுறை, அரை மணி நேரம், நேரடிக் கண்காணிப்பில் கனமான பளு தூக்கி, குதித்து இறங்கும் பயிற்சியும் செய்தனர். மற்றொரு பிரிவினர் வீட்டில் இலகுவான பயிற்சி செய்தனர். லிஃப்ட்மோர் எனப்படும் இந்த ஆய்வின் முடிவில், பளு தூக்கியவர்களின் கீழ்முதுகு எலும்பு அடர்த்தி 2.9 சதவீதம் கூடியிருந்தது. இலகுவாகச் செய்தவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்திருந்தது. காயம் என்று சொல்லத்தக்கது ஒருவருக்கு ஏற்பட்ட லேசான முதுகுப் பிடிப்பு மட்டுமே. ‘வயதானவர்கள் இலகுவாகச் செய்தால் போதும்’ என்ற நம் அக்கறையான அறிவுரையை இந்த எண்கள் மறுக்கின்றன.

அந்த அளவுப் பளுவை வீட்டில் தனியாக முயலக் கூடாது. அது பயிற்றுநரின் கண் முன்னே செய்ய வேண்டியது. ஆனால் அந்தக் கொள்கையை வீட்டிலும் கடைப்பிடிக்கலாம். ஒரு சுற்றில் 12 முறை எழுந்து அமர்வது, அடுத்தடுத்த இரண்டு பயிற்சி நாட்களில் சிரமமின்றி முடிந்தால், சுமையைக் கூட்டும் காலம் வந்துவிட்டது. துணிக்கடையில் தரும் கட்டைப்பையில் ஒரு கிலோ அரிசிப் பொட்டலங்கள் இரண்டைப் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து அமருங்கள். எண்ணிக்கை 8-க்குக் குறையும்; மீண்டும் 12-க்கு வந்ததும் இன்னொரு பொட்டலம் சேருங்கள். கடைசி இரண்டு முறை உண்மையிலேயே கடினமாக இருக்க வேண்டும், ஆனால் உடல் நிலை குலையக் கூடாது.

பொட்டலக் கணக்கு ஐந்து கிலோவைத் தொட்டதும், கம்பு வைத்துப் பழகிய அந்த இடுப்பு மடக்கத்தோடு தூக்குதலையும் சேர்க்கலாம். பையை முழங்கால் உயர முக்காலியின் மேல் வைத்து, முக்காலியை ஒட்டி நின்று, இடுப்பில் மடங்கி, பையின் காதுகளை இரு கைகளாலும் பற்றி, பாதங்களால் தரையைத் தள்ளி எழுங்கள். பை உடலை உரசிக்கொண்டே மேலே வர வேண்டும். விலகினால் முதுகுக்குப் பாரம். ஐந்து முறை தூக்கி, ஓய்வெடுத்து, மீண்டும் ஐந்து முறை. முதுகெலும்பு முறிந்தவர்கள் இதை இயன்முறை மருத்துவர் முன்னிலையில் மட்டுமே கற்க வேண்டும்.

அதிர்வும் எலும்புக்கு ஒரு செய்திதான். குதிகால்களை உயர்த்தி, முழங்காலை இறுக்காமல் தரையில் சற்று அழுத்தமாக இறக்குவதும், நின்ற இடத்தில் காலை ஊன்றி மிதிப்பதும் போதுமான தொடக்கம். முறிவு இல்லாதவர்கள் பெரும்பாலான நாட்களில் 50 மிதமான அதிர்வுகள் வரை செல்லலாம் என்பது பிரிட்டன் நிபுணர்கள் 2022 ஆம் ஆண்டு வெளியிட்ட பரிந்துரை. அதையும் பத்துப் பத்தாகப் பிரித்து, இடையில் ஓய்வு விட்டுச் செய்வது நல்லது. முதுகெலும்பு முறிவோ, கடுமையான மூட்டுவலியோ, சிறுநீர் அடக்க முடியாத தொல்லையோ உள்ளவர்கள் இதைத் தவிர்த்துவிட்டு வேகமான நடையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஆறாம் படி: தடுமாறாமல் நிற்கப் பழகுதல்

எலும்பு அடர்த்தி எவ்வளவு கூடினாலும், குளியலறையில் ஒரு முறை வழுக்கினால் இடுப்பு முறியலாம். பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பு 2019 ஆம் ஆண்டு வெளியிட்ட தொகுப்பாய்வு, உடற்பயிற்சி முதியவர்கள் விழும் எண்ணிக்கையை 23 சதவீதம் குறைப்பதாகக் கண்டது. நிலைப்பையும் அன்றாட அசைவுகளையும் பயிற்றுவிப்பவையே அதில் முதன்மையானவை. ஆகவே இத்தகைய பயிற்சியை வாரத்தில் குறைந்தது மூன்று நாள் செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அன்றாடம் செய்வதில் தவறில்லை.

மேடையருகே பாதங்களைச் சேர்த்து நிற்பதில் தொடங்குங்கள். அது எளிதானதும் ஒரு பாதத்தை அரையடி முன்னே வையுங்கள். பிறகு குதிகாலும் விரல் நுனியும் தொடும் நேர்கோட்டு நிலை. பிறகு ஒற்றைக் கால். ஒவ்வொன்றிலும் 30 விநாடி நிற்க முடிந்த பின்னரே அடுத்ததற்குச் செல்லுங்கள். பிடியையும் அதேபோல் படிப்படியாகத் தளர்த்துங்கள்: இரு கை, ஒரு கை, ஒரு விரல், பிறகு வெறுமனே மேடைக்கு மேல் கை. குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும் நேரமே இதற்குப் போதும். பின்னர், மேடையை ஒட்டியே பக்கவாட்டிலும் பின்னோக்கியும் நடந்து பழகுங்கள், ஏனெனில் இடுப்பெலும்பை முறிக்கும் விழுகைகள் பெரும்பாலும் பக்கவாட்டில் நிகழ்கின்றன.

இத்துடன் வீட்டையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிடுங்கள். கழிவறையில் கைப்பிடிக் கம்பி, படுக்கையிலிருந்து கழிவறை வரை இரவு விளக்கு, நழுவும் கால்மிதிக்குப் பதில் ரப்பர் அடி கொண்டது, தேய்ந்த ஹவாய் செருப்புக்கு விடைகொடுத்தல். தூக்க மாத்திரையோ ரத்த அழுத்த மாத்திரையோ உட்கொண்டு இரவில் எழும்போது தலை சுற்றினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் அமர்ந்த பிறகே எழுங்கள்.

உணவு பற்றி இரண்டு சொற்கள்

பயிற்சி சொல்லும் வேலையைச் செய்ய எலும்புக்கும் தசைக்கும் பொருள் வேண்டும். நாளொன்றுக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம் கால்சியம் தேவை. 200 மில்லி பாலில் ஏறத்தாழ 240 மில்லிகிராமும், 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேலும், 100 கிராம் முருங்கைக்கீரையில் 300-க்கு மேலும் இருக்கிறது. முள்ளோடு உண்ணும் நெத்திலியும் நல்லது. நம் முதியவர்களின் தட்டில் உண்மையில் குறைவது புரதம். இரவில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளும் 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 60 முதல் 72 கிராம் புரதம் தேவை. ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. சுண்டல், பயறு, தயிர், முட்டை, மீன் ஆகியவற்றை மூன்று வேளைக்கும் பிரித்துச் சேருங்கள். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். வெயில் கொளுத்தும் ஊரில் இருந்தும் வைட்டமின் டி குறைவு பரவலாக இருப்பதால், ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பது நல்லது.

எப்போது நிறுத்த வேண்டும், எப்போது அளக்க வேண்டும்

தொடையிலும் பிட்டத்திலும் ஓரிரு நாள் இருக்கும் தசைவலி இயல்பு. நெஞ்சில் இறுக்கம், தலைச்சுற்றல், முதுகின் நடுவில் குத்தும் வலி, கால் மரத்துப்போதல் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். ரத்த அழுத்தத்தின் மேல் எண் 180-க்கோ கீழ் எண் 110-க்கோ மேல் இருக்கும் நாளில் பயிற்சி வேண்டாம். அன்றே மருத்துவரைக் கேளுங்கள். காய்ச்சலாலோ ஊர்ப் பயணத்தாலோ இரண்டு வாரம் விட்டுப்போனால், விட்ட இடத்தில் தொடங்காமல், இரண்டு பொட்டலம் குறைத்துத் தொடங்குங்கள்.

கால் வலுவில் மாற்றம் ஆறு முதல் எட்டு வாரங்களில் தெரியும். ஆகவே நாற்காலிச் சோதனையையும் நிலைப்புச் சோதனையையும் இரண்டு மாதத்திற்கு ஒருமுறை செய்து நாட்காட்டியில் குறியுங்கள். எலும்பு அவ்வளவு விரைவில் மாறாது. அது கரைந்து கட்டப்படும் ஒரு சுழற்சிக்கே சில மாதங்கள் ஆகும் என்பதால், டெக்ஸா ஸ்கேனை மூன்று மாதத்தில் மறுபடி எடுப்பதில் பயனில்லை. ஓராண்டு, ஈராண்டு இடைவெளியில், கூடுமானவரை அதே இயந்திரத்தில் எடுப்பதே ஒப்பிட உதவும். அந்த வயதில் எண் கூடாமல் அப்படியே நின்றிருந்தால்கூட அது வெற்றிதான்.

ஆசிரியை அம்மா மருத்துவர் எழுதிய மருந்தையும் தெப்பக்குள நடையையும் விடவில்லை. வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் மட்டும் ஒரு சுற்றோடு திரும்பி, கட்டைப்பையை எடுத்துக்கொள்கிறார். பூஜ்யத்தில் தொடங்கிய அவருடைய நாட்காட்டியில் கடைசியாக எழுதியிருக்கும் எண் 13.